மலையுயரமும் மயக்கவாயுவும்

கொழும்பில் நீர் 100 பாகையிற் கொதிக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயர்ந்துள்ள நுவரெலியாவிலோ 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகின்றது. தேயிலைத் தோட்டத்து வீடுகளில் நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சிக்குக் காரணம் வளியமுக்கத்தின் குறைவேயாம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசத்தைத் தாங்கும் வளிமண்டலம், ஹற்றனில் ஏறத்தாழ 650 மில்லிமீற்றரையும் நுவரெலியாவில் ஏறத்தாழ 610 மில்லிமீற்றரையுமே தாங்கவல்லது. அடுப்பிலுள்ள கேத்தலின் போக்கை மாற்றும் இக்குறைவு, சத்திரசிகிச்சைக் கூடத்திலுள்ள மயக்கவாயுவின் ஆற்றலையும் மாற்றுகின்றது. அம்மாற்றத்தின் தன்மையை உணர்தற்கு, மயக்கவாயு உடலினுள் எவ்வாறு புகுகின்றது, எவ்வளவு வேண்டப்படுகின்றது, எவ்வாறு வெளியேறுகின்றது என்னும் மூன்றினையும் முறையே ஆராய்தல் வேண்டும்.

1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியசாலையொன்றில் வில்லியம் மோட்டன் என்பார் ஈதர் ஆவியால் நோயாளியொருவரை உணர்விழக்கச் செய்து, நோவின்றிச் சத்திரசிகிச்சை நிகழ வழிசெய்தார். மறுவருடமே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமைப் பயன்படுத்தினார். ஆயின் 1848 ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தில் கால்விரல் நகமொன்றை அகற்றுதற்காகக் குளோரோபோம் அளிக்கப்பெற்ற ஹனா கிறீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிர்துறந்தாள். துணியில் ஊற்றப்பட்ட மருந்தோ சிறிதளவே. ஊற்றிய திரவத்தின் அளவன்று, சுவாசத்துடன் உட்சென்ற ஆவியின் செறிவே உயிரைக் காப்பதும் போக்குவதும் என்னும் உண்மை அப்போது தெளிவாயிற்று. அச்செறிவை அளந்து அளித்தற்கேற்ற கருவிகளை ஜோன் சினோ என்னும் ஆங்கில மருத்துவர் ஆக்கினார். மயக்கமருந்து அளித்தல் கைப்பழக்கத்தினின்று விஞ்ஞானமாக உயர்ந்தது அவர் போன்றோராலேயே.

சுவாசித்த வாயு சுவாசப்பைகளின் சிற்றறைகளை அடைந்து, அங்கு குருதியிற் கரைந்து, இதயத்தால் மூளைக்குச் செலுத்தப்படுகின்றது. மூளையில் மயக்கத்தை விளைவிப்பது வாயுவின் பகுதியமுக்கமாகும். பல வாயுக்கள் கலந்திருக்குமிடத்து ஒவ்வொன்றும் தனித்துச் செலுத்தும் அமுக்கமே பகுதியமுக்கம் எனப்படும். சிற்றறையிலுள்ள பகுதியமுக்கம் உயர்ந்தாலன்றி மூளையிலுள்ளதும் உயராது. எனவே சிற்றறை விரைவில் நிரம்பினால் நோயாளியும் விரைவில் உறங்குவார்.

இங்கு, முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஓர் உண்மை உண்டு. குருதியில் மிகுதியாகக் கரையும் மருந்தே விரைந்து வேலைசெய்யும் என எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. ஒரே பீலியிலிருந்து விழும் நீரால் சிறு செம்பு நொடியில் நிரம்பும். பெருந்தொட்டியிலோ நீர்மட்டம் மெல்லவே உயரும். மிகக் கரையும் மருந்துக்குக் குருதி பெருந்தொட்டியாகின்றது. சிற்றறையை அடைந்த ஆவியைக் குருதி ஓயாது கவர்ந்து செல்வதால் அங்கு அமுக்கம் உயர நெடுநேரஞ் செல்லும். குருதிக்கும் வாயுவுக்கும் இடையேயான கரைதிறன் விகிதம் ஈதருக்கு ஏறத்தாழ 12, ஹலோத்தேனுக்கு 2.4; ஐசோபுளுரேனுக்கு 1.4, செவோபுளுரேனுக்கு 0.65, நைதரசு ஒட்சைட்டுக்கு 0.47. ஈதர் அளிக்கப்பட்டவர் மெல்ல மயங்கி மெல்ல விழித்தமைக்கும், செவோபுளுரேன் பெறும் குழந்தை சில மூச்சுகளில் உறங்கிவிடுதற்கும் காரணம் இதுவே. கரைதிறனோடு வேறிரண்டும் கருதத்தக்கன. சுவாசம் மிகுந்தால் சிற்றறை விரைந்து நிரம்பும். இதயம் மிகுதியாகக் குருதியைச் செலுத்தினாலோ வாயு விரைந்து கவரப்படுதலால் மயக்கம் தாமதிக்கும். குருதியிழந்து சோர்ந்த நோயாளியில் இதயவோட்டம் குன்றுவதால், வழக்கமான அளவும் அவருக்கு விரைவில் மிகையாகிவிடும்.

இனி, எவ்வளவு வேண்டும் என்பது. 1965 இல் எட்மண்ட் ஈகரும் அவர்தம் துணைவரும் இதற்கோர் அளவுகோலை நிறுவினர். தோலை வெட்டும்போது நோயாளிகளிற் பாதிப்பேர் அசையாதிருத்தற்குச் சிற்றறையில் வேண்டப்படும் மிகக்குறைந்த செறிவே அவ்வளவுகோலாம். கடல்மட்டத்தில் இது ஹலோத்தேனுக்கு நூற்றுக்கு 0.75, ஐசோபுளுரேனுக்கு ஏறத்தாழ 1.2, செவோபுளுரேனுக்கு ஏறத்தாழ 2, டெஸ்புளுரேனுக்கு ஏறத்தாழ 6 ஆகும். நைதரசு ஒட்சைட்டுக்கோ 104; அஃதாவது கடல்மட்டத்தில் அவ்வாயுவை மட்டுமே சுவாசித்தாலும் போதிய மயக்கம் கிட்டாது. அதனாலேயே அது பிறமருந்துகளுக்குத் துணையாக மட்டும் அமைகின்றது. முதுமையிலும் கருப்பத்திலும் வேண்டப்படும் அளவு குறையும். கைக்குழந்தைகளுக்கு அது மிகும்.

மலையுயரத்தின் வினை இவ்விடத்தே புலனாகின்றது. நூற்றுவீதம் என்பது பங்கைக் குறிக்குமேயன்றி அமுக்கத்தைக் குறியாது. நூற்றுக்கு 50 நைதரசு ஒட்சைட்டு, கொழும்பில் 380 மில்லிமீற்றர் அமுக்கத்தைத் தரும். நுவரெலியாவில் 305 மாத்திரமே தரும். மேற்கூறிய 104 வீதம் அமுக்கக் கணக்கில் 790 மில்லிமீற்றராகும்; நுவரெலியாவின் வளிமண்டலம் முழுவதுமே 610 தான். ஆதலின் சமவெளியிற் போதியதான கலவை, மலையில் ஐந்திலொரு பங்கு வலிமை குன்றிவிடும். அதனை ஈடுசெய்யாது நோயாளியின் தசைகளை மாத்திரந் தளர்த்தி வைப்பின், அவர் அசையவும் பேசவும் இயலாதவராய், உள்ளே விழித்திருந்து வேதனையுறவுங் கூடும்.

செவோபுளுரேன் முதலிய திரவங்களுக்குரிய வழக்கமான ஆவியாக்கியில் நிலைமை வேறு. அக்கருவியில் வாயுவின் ஒரு பகுதி திரவத்தின் மேற் சென்று ஆவியால் நிரம்பல் அடைகின்றது. நிரம்பிய ஆவியின் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி வளியமுக்கத்தைப் பொறுத்ததன்று. எனவே மலையில் வெளிவரும் ஆவியின் வீதம் தானே உயர்ந்து, பகுதியமுக்கம் ஏறத்தாழச் சமவெளியிலுள்ளவாறே நின்றுவிடுகின்றது. கருவியின் குறியை மாற்றவேண்டுவதில்லை. டெஸ்புளுரேனோ 23 பாகையளவிற் கொதிப்பதாதலின், அதற்குரிய வழக்கமான கருவி திரவத்தைச் சூடாக்கி, வீதம் பிறழாது கலந்து தருகின்றது. ஆகவே கொழும்பில் 6 என வைத்த குறியை நுவரெலியாவில் 7.5 என உயர்த்தினாலே அதே பயன் கிட்டும். கருவியின் அமைப்பை அறியாது குறியை மாத்திரம் நம்புதல் தகாது என்பது இதனாற் பெறப்படும்.

வெளியேற்றம் உட்புகுதலின் மறுதலையாம். மருந்தை நிறுத்தியதும் மூளையினின்று குருதிக்கும், குருதியினின்று சிற்றறைக்கும் வாயு மீள்கின்றது. பெரும்பகுதி மூச்சோடு கழியும். எஞ்சியதை ஈரல் சிதைக்கும். அவ்வாறு சிதைவது ஹலோத்தேனில் ஏறத்தாழ ஐந்திலொன்று, செவோபுளுரேனில் நூற்றுக்கு 5 வரை, ஐசோபுளுரேனில் நூற்றுக்கு 0.2. நெடுநேரச் சிகிச்சையில் மருந்து கொழுப்பிலும் தசையிலும் தேங்குதலால் விழிப்புத் தாமதமாகும். நைதரசு ஒட்சைட்டை நிறுத்தியவுடன் அது பெருவெள்ளமாய்ச் சிற்றறையுட் பாய்ந்து, அங்குள்ள ஒட்சிசனை ஐதாக்கிவிடும். கடல்மட்டத்து உலர்வளியில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் 160 மில்லிமீற்றர், நுவரெலியாவிலோ 128. முன்னரே குறைந்துள்ள அவ்வளவு மேலுங் குறைதல் ஆபத்தாதலின், மயக்கந்தெளியும் வேளையில் தூய ஒட்சிசன் அளித்தல் மலைநாட்டில் இன்னும் இன்றியமையாததாகின்றது.

இக்கணக்குகள் யாருக்காக? கொழுந்து பறிக்கும் தாயொருத்தி பிரசவ வேளையிற் பெருங்குருதி இழந்து, வளைந்த மலைப்பாதை வழியே வைத்தியசாலைக்குக் கொணரப்படுகின்றாள் எனக் கொள்க. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தற்கு முதுகுத்தண்டில் மருந்தேற்றி விறைக்கச் செய்தலே இன்று பெரும்பாலும் விரும்பப்படும் முறை. குருதிப்பெருக்கு மிகுந்தவளுக்கு அது ஒவ்வாதாயின் மயக்கவாயுவையே நாடவேண்டியிருக்கும். அவளது இதயவோட்டம் குன்றியது. கருப்பத்தால் சுவாசப்பையின் காற்றிருப்புஞ் சுருங்கியது. ஆதலின் ஆவி விரைந்தேறும், ஒட்சிசன் விரைந்து தீரும். ஆவி மிகுந்தால் கருப்பை தளர்ந்து குருதிப்பெருக்குக் கூடும். குறைந்தால் அவள் கத்தியின் கூர்மையை உணர்வாள். இவ்விரு கரைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியே அவளை நடத்திச் செல்லுதல் மயக்கமருந்து வல்லுநரின் கடனாகும்.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த வைத்தியசாலைக் கட்டடம் 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கட்டடமும் கருவியும் மலைக்கு வருதல் நன்று. அவற்றோடு, கருவியின் குறி கூறுவதையும் மலையின் காற்று கூறுவதையும் ஒருங்கே கேட்டு அளவிடவல்ல அறிவும் வருதல் வேண்டும். அவ்வறிவு அருகிருப்பின், சமவெளியில் உறங்கி விழிப்பவரைப் போலவே மலைமகளும் அச்சமின்றி உறங்கித் தன் மகவின் முகத்தில் விழிப்பாள்.