தர்மபுரம் உணர்த்தும் அறநெறி

அறநூலைக் கற்றல் வேறு. அறத்தின்வழி நிற்றல் வேறு. திருக்குறளை மனனஞ் செய்து பரிசில் பெறும் மாணாக்கர் பலர். அந்நூல் கூறும் அறம் தம் ஊரிலே எவ்விடத்து வேண்டப்படுகின்றது என ஆராய்வோர் சிலரேயாவர். அவ்வாராய்ச்சிக்கு வன்னி நிலத்துத் தர்மபுரம் தக்கதோர் இடமாகும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் அமைந்தது இவ்வூர். இங்கும் அயலிலுள்ள குடியேற்றங்களிலும் மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் எழுந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்ணிக்கையாகக் கொண்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது; எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிப்பதற்கு விடப்பட்டது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் உயிருக்கஞ்சித் தோட்டங்களை நீத்தோர் பலர் வன்னியைப் புகலிடமாகக் கொண்டனர்.

இம்மக்கள்பால் அயலார் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது? திருக்குறளின் அதிகார வைப்பே இதற்கு விடை தருகின்றது. எட்டாம் அதிகாரம் அன்புடைமை. அதன்பின் முறையே விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றியறிதல், நடுவுநிலைமை என்பன வருகின்றன. இவ்வைந்தும் ஒன்றன்மேலொன்றாக ஏறத்தக்க படிகள் போல அமைந்துள்ளன.

விருந்து என்னுஞ் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். ஆதலின் விருந்தினர் எனப்படுவோர் உறவினரல்லர், புதியராய் வந்தோரே. உற்றாருக்கு உணவளித்தல் இல்லத்து இயல்பு. அறியாதாரை ஏற்றலே அறம். அங்ஙனம் ஏற்றபின்னும் நாவைக் காவாதவன் அவ்வறத்தை இழக்கின்றான். பிறப்பிடத்தைச் சுட்டி இழிவாக அழைக்கும் பட்டப்பெயர்கள் பள்ளிக்கூட முற்றத்திலேயே பிறக்கின்றன. அவற்றைச் சொல்லாதிருத்தலும், சொல்வோனைத் தடுத்தலும் மாணாக்கன் இன்றே செய்யக்கூடிய அறங்களாம்.

காடு வெட்டிக் கழனி திருத்தியதில் இம்மக்களின் உழைப்புக்குப் பெரும்பங்குண்டு. அந்நெல்லை உண்போர் அவ்வுழைப்பை மறத்தல் நன்றிகோறலாகும். எனினும் நன்றியுரை மட்டும் அமையாது. வந்தோருட் பலர் சொந்த வயலின்றிப் பிறர் நிலத்திற் கூலியாளராயினர். விருந்தோம்பல் ஒருவன் மனமுவந்து அளிப்பது. நடுவுநிலைமையோ மற்றவனுக்கு உரியதைக் கொடுப்பது. காணி, நீர், கல்வி என்பன இரக்கத்தாற் கொடுக்கும் கொடைகளல்ல. முன்வந்தோன், பின்வந்தோன் என்னும் வேற்றுமை அவற்றை அளக்கும் கோலாகலாது.

புதியவன் என்னும் நிலை எவர்க்கும் நேரக்கூடியது. இதனை அண்மைக்கால வரலாறு கொடிதாகக் கற்பித்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியிற் போர் நெருங்கவே, கிளிநொச்சி வைத்தியசாலை தர்மபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2009 சனவரியில் தர்மபுரத்தாரும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். காணியுடையோரும் கூலியாளரும் ஒரே வரிசையில் நீருக்கு நின்றனர். பின்னர்ச் செட்டிகுளத்து முகாம்களில் ஒரே வகைக் கூடாரங்களில் வாழ்ந்தனர். நேற்று விருந்தேற்றோர் இன்று விருந்தினராயினர். அத்துன்பம் முடிந்து ஊர் திரும்பியபின் பழைய வேற்றுமைகளை மீட்டும் நாட்டுதல் பட்டறிவைப் பாழாக்குதலேயாம்.

அப்போர்க்காலத்திற் குழந்தைகளாயிருந்தோர் இன்று இளைஞர். அதன்பின் பிறந்தோர் மாணாக்கர். அவர்களுக்கு உரைக்கத்தக்க அறவுரை நீண்டதன்று. வகுப்பிற் புதிதாய் வந்தவனுக்கு அருகில் இடங்கொடுத்தல், அவனை அவன் பெயராலேயே அழைத்தல், அவனுக்குரிய பங்கைக் கேளாமுன் வழங்கல் என்னும் மூன்றிலும் அவ்வைந்து அதிகாரங்களும் அடங்கும். தருமத்தின் ஊர் என்று பெயரிடுதல் எளிது. அப்பெயரை மெய்யாக்கும் கடன் அங்கு வாழ்வோர்க்கு மட்டுமன்றித் தமிழ் கற்கும் அனைவர்க்கும் உரியது.