நாயைக் கண்டு ஒதுங்கும் பிள்ளை

ஓர் உயிரின் மீது எழும் அச்சம், அதனால் உண்மையில் நேரக்கூடிய தீங்கின் அளவை மீறி அன்றாட வாழ்வுக்கே இடையூறாகும்போது, உளவியலார் அதனை அச்சநோய் என்பர். இந்நிலையிலுள்ள குழந்தை நாய் படுத்திருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லும். ஒவ்வொரு முறை விலகும்போதும் கிடைக்கும் நிம்மதி, விலகியதால்தான் தப்பினோம் என்ற எண்ணத்தை வலுவாக்கி, அச்சத்தை வேரூன்றச் செய்துவிடுகிறது.

கடிபட்டவர்க்கே இவ்வச்சம் வரும் என்பதில்லை. நேரடித் துன்பம், பிறர் அஞ்சுவதைக் காணல், பிறர் சொல்லக் கேட்டல் என்று அச்சம் பிறக்கும் வழிகளை 1977-இல் ஸ்டான்லி ராக்மன் மூன்றாக வகுத்தார். சாப்பிட மறுக்கும் குழந்தையை 'நாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று மிரட்டும் பழக்கம் மூன்றாம் வழியைச் சார்ந்தது. அப்படி மிரட்டியவரே பின்னாளில் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசுவதும் உண்டு.

கண்டு கற்ற அச்சத்தைக் கண்டே மறக்க இயலுமா என்பதை ஆல்பர்ட் பண்டூரா, ஜோன் குரூசெக், ஃபிரான்சஸ் மென்லவ் ஆகியோர் 1967-இல் வெளியிட்ட ஆய்வு ஆராய்ந்தது. நாய்க்கு அஞ்சும் 3 முதல் 5 வயதுவரையுள்ள 48 குழந்தைகளுள் ஒரு சாரார், அச்சமற்ற நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நாயுடன் பழகுவதை நான்கு நாட்களில் எட்டுச் சிறு அமர்வுகளாகப் பார்த்தனர். தொடக்கத்தில் நாய் இருந்த அடைப்புக்கு வெளியே நின்று அதைத் தட்டிக்கொடுத்த அவன், பின்னர் அடைப்புக்குள்ளேயே இறங்கி அதனுடன் விளையாடினான். இவ்வாறு பார்த்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், பின்னர் நடந்த சோதனையில் அடைப்புக்குள் நாயுடன் தனித்திருக்கவும் துணிந்தனர். அச்சிறுவன் நாயுடன் பழகுவதை விருந்துக் கொண்டாட்டத்தின் நடுவே பார்த்தவர்கள் சாதாரணச் சூழலில் பார்த்தவர்களைவிடப் பெரிதாக முன்னேறவில்லை என்பதுதான் இவ்வாய்வில் மிகவும் கவனிக்கத்தக்கது: தின்பண்டமும் குதூகலமும் செய்யாததை ஒத்த வயதுப் பிள்ளையின் அமைதியான துணிவு செய்திருக்கிறது.

எனவே 'ஒண்ணும் பண்ணாது, தொடு' என்று கையைப் பிடித்து இழுப்பதைக் காட்டிலும், வேறொரு குழந்தை சாதுவான வளர்ப்பு நாயுடன் விளையாடுவதைத் தொலைவிலிருந்து பார்க்கவிட்டு, எப்போது ஓரடி முன்வைப்பது என்பதை அஞ்சும் குழந்தையிடமே விடுவது தக்கது. இடையில் பின்னடைவும் நேரலாம். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் பதிவுசெய்த, முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் நன்கு தேறிவந்த நிலையில், பெரிய நாய் ஒன்று அவன்மீது பாய்ந்ததால் பழைய அச்சத்துக்கே திரும்பினான். ஆயினும் பிடித்த உணவை அவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்த முறை அவனை மீண்டும் தேற்றியது.

அச்சம் நீங்குவது வேறு, எச்சரிக்கை நீங்குவது வேறு. வெறிநோய் நிலவும் ஊர்களில் தெருநாயைத் தடவிக்கொடுக்கும் பிள்ளையை உருவாக்குவது எவர் நோக்கமுமன்று. உண்ணும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் நெருங்கலாகாது, நாய் துரத்த வந்தால் ஓடாமல் அசையாது நிற்க வேண்டும், கடியோ கீறலோ பட்டால் மறைக்காமல் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்பவற்றை இப்பயிற்சியோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். பெரியவர்கள் அக்காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் பிள்ளை கடியை மறைத்துவிடும் என்பதால், இந்த அச்சத்தைத்தான் முதலில் போக்க வேண்டும்.