இரு நாடு காத்த அரசி

பிறந்தகத்திற்கும் புகுந்தகத்திற்கும் இடையே நிற்பதன் வருத்தத்தை, ஒரு தோட்டத்திற் பிறந்து மற்றொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட அட்டன், நுவரெலியா மகளிர் நன்கறிவர். அந்நிலையில் நின்ற ஓர் அரசியின் வரலாற்றைக் கேளுங்கள்.

தக்காணத்தில் அகமத்நகர் அரசன் மகளாகிய சாந்த் பீவி, அயல்நாடான பீஜப்பூரின் மன்னன் முதலாம் அலி அடில் ஷாவை மணந்தாள். 1580ஆம் ஆண்டில் மன்னன் மறைந்தான். மகப்பேறு இன்மையால், ஒன்பது வயதினனாகிய அவன் தம்பி மகன் இப்ராகீம் முடிசூடினான். அச்சிறுவனுக்காக அரசியே ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள். பிறந்த நாட்டுடன் கூடிச் சதி செய்கிறாள் என்று குற்றஞ்சாட்டி, அமைச்சன் கிஷ்வர் கான் அவளைச் சதாராக் கோட்டையிற் சிறைவைத்தான். பீஜப்பூரார் அவனைத் துரத்தி, அரசியை மீட்டனர்.

பின்னர் அவள் அகமத்நகர் திரும்பினாள். 1595இல் கோட்டையை முற்றுகையிடத் தொடங்கிய மொகலாயர் மதிலைத் தகர்த்தபோது, முன்னின்று போரிட்டு, அவ்விரவிலேயே உடைப்பை அடைப்பித்தாள். 1600இல் மீண்டும் முற்றுகை. வெல்லும் வலிமை இல்லையென உணர்ந்து, உடன்படிக்கை நாடினாள். துரோகியெனக் கூவித் தன்னாட்டாரே அவளைக் கொன்றனர். விரைவில் கோட்டையும் வீழ்ந்தது.

அயலாள் என்று ஐயுற்ற நாடு அவளை மீட்டது. பெற்றெடுத்த நாடு அவளைக் கொன்றது. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதை விடுத்து, எந்த மண்ணுக்கு உழைத்தார் என்று கேட்பதன்றோ அறம்?