சும்மா நின்றாரா சகோதரி?

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "பந்தி முடியறவரை குழந்தையைத் தூக்கிட்டு நின்னேன். வீட்டுக்காரர் 'சும்மாதானே நின்னே'ங்கறார். நியாயமா?"

குழந்தை 10 கிலோ. கை கொடுத்த விசை 98 நியூட்டன். ஆனால் விசையின் திசையிலே பொருள் நகர்ந்தால்தான் இயற்பியலில் அது வேலை. குழந்தை நகரலையே! வேலை பூஜ்யம். (அவர் கைதட்டறார், பாருங்க!)

கிணத்துல 10 கிலோ வாளியை 10 மீட்டர் இழுத்தா 980 ஜூல் வேலை. அது வாளியிலே ஆற்றலாகச் சேர்ந்திருக்கு. கயித்தை விட்டால் தடாலென்று இறங்கும்.

அப்ப சகோதரிக்கு ஏன் கை வலிச்சுது? சுவத்து ஆணி ராப்பகலா சட்டையைத் தாங்குது, அதுக்குப் பசிக்குதா? தசைக்குப் பசிக்குமய்யா! உள்ளே இழைகள் ஓயாமல் பிடிச்சு, விட்டு, மறுபடி பிடிக்குது. காலையிலே சாப்பிட்ட இட்லியின் ஆற்றல் அங்கேதான் வெப்பமாகக் கரையுது.