கல்லில் ஒட்டும் சூயிங்கம்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த வரிசையில் உள்ள 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி கூட்டம் கூடும். இப்போதே பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்களும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறவர்களும் செஞ்சி வழியாகத்தான் திரளாகப் போகிறார்கள். கூட்டம் நிற்கும் இடத்தில் பெட்டிக்கடை இருக்கும். பெட்டிக்கடையில் சூயிங்கம் இருக்கும். மென்று துப்பியபின் அது என்ன ஆகிறது?

ஒன்றும் ஆவதில்லை, அப்படியே கிடக்கும். சர்க்கரையும் வாசனையும் வாயில் கரைந்தபின் மிஞ்சுவது வெறும் பிசின். ஒரு காலத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் சப்போட்டா மரத்தைக் கீறி வடித்த பாலிலிருந்து அதைக் காய்ச்சினார்கள். பிறகு செயற்கைப் பிசின்கள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான பாலிஐசோபியூட்டிலீன், சைக்கிள் டியூப் செய்கிற பியூட்டைல் ரப்பருக்கு நெருங்கிய சொந்தம். மழையில் கரையாது, எளிதில் மக்காது. தண்ணீரை ஒதுக்கும், எண்ணெயில் இளகும். தலைமுடியில் ஒட்டிக்கொண்டால் தேங்காய் எண்ணெய் தடவி எடுக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

செஞ்சியின் பாறைகள் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூட்டில் பிசின் இளகிக் கல்லின் சொரசொரப்புக்குள் இறங்குகிறது. இரவில் இறுகுகிறது. செருப்புகள் மிதிக்க மிதிக்கத் தூசி ஏறிக் கறுப்பு வட்டமாகிவிடும்.

வெளிநாட்டு நகரங்களில் சூடான நீராவியை அழுத்தத்தோடு அடித்து இதைப் பெயர்க்கிறார்கள். கடைத்தெருவின் சிமென்ட் தரை அதைத் தாங்கும். கோட்டைக்குள் கல்யாண மகால் போன்ற கட்டடங்களில் இருப்பது பழைய சுண்ணாம்புச் சாந்து. நீராவி அடித்தால் சூயிங்கத்தோடு சாந்தும் பெயர்ந்து வரலாம். எண்ணெய் தடவினாலோ கல் அதைக் குடித்துக் கறையாக்கிக்கொள்ளும். கோட்டையைப் பொறுத்தவரை துப்பியபின் சுத்தம் செய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை; துப்பாமல் தடுப்பது ஒன்றே வழி.

சிங்கப்பூர் 1992இல் சூயிங்கம் விற்பனையையே தடை செய்தது. எம்ஆர்டி ரயில் கதவுகளில் ஒட்டி ரயில்கள் நின்றதும் ஒரு காரணம். மருத்துவப் பயனுள்ளவற்றுக்கு மட்டும் 2004இல் அனுமதி கிடைத்தது. பிரிட்டன் 2021இல் வேறு வழி எடுத்தது: தயாரிக்கும் நிறுவனங்களே ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி பவுண்டு வரை சுத்தப்படுத்தும் பணிக்குத் தர ஒப்புக்கொண்டன. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. இந்தியாவில் 2022இன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் மிட்டாய்க் கவருக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. கவருக்குள் இருக்கும் பிசினும் செயற்கைப் பொருள்தான், ஆனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. துப்புரவுத் தொழிலாளர் குனிந்து சுரண்டுகிற வேலைக்குத் தயாரித்து விற்றவரும் பணம் தரட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் துப்புவதைத் தடுக்கத் தமிழகத்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைத்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆனால் துப்புகிற ஒவ்வொருவர் பின்னாலும் காவலர் நிற்க முடியாது. குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மனிதர் சூயிங்கத்தைத் துப்புவது பஸ் ஏறும் முன், தண்ணீர் குடிக்கும் முன், கோயிலுக்குள் நுழையும் முன். ஆக, தொட்டி வேண்டியது பஸ் நிலையத்தில், கோட்டை வாசலில், ராஜகிரி மலைப் படிகள் தொடங்கும் இடத்தில், வெங்கட்ரமணர் கோயில் முகப்பில். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குரங்குகள் கிளறிவிடும். வாங்குகிறவர் கவரைப் பைக்குள் வைத்திருந்து, மென்றதை அதிலேயே மடித்துப் போட வேண்டும்.

கடைவாசலில் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பையில் ஐஸ்கட்டி போட்டு அதன்மேல் சிறிது நேரம் வையுங்கள். இறுகியதும் தட்டையான மரத்துண்டால் நெம்பினால் பெயர்ந்துவிடும். கோட்டைச் சுவரிலோ தூணிலோ பார்த்தால் கை வைக்காதீர்கள், கத்தியால் சுரண்டவே சுரண்டாதீர்கள். அங்கிருக்கும் தொல்லியல் துறை ஊழியரிடம் இடத்தைக் காட்டினால் போதும்.