பள்ளியின் கடைசி நாள் எது?

பிளஸ் டூ எழுதி முடித்த ஒரு பிள்ளையிடம், "உனக்குப் பள்ளிக்கூடம் எந்தத் தேதியில் முடிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், சற்றுத் தயங்கிவிட்டுத்தான் பதில் சொல்லும். ஐந்து வயதில் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சேர்த்த நாள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டிலும் அது தேதியிட்டு நிற்கிறது. வெளியேறிய நாளுக்கு மட்டும் அத்தகைய உறுதி கிடையாது. பாடம் நடத்தி முடித்த நாளா, செய்முறைத் தேர்வு நடந்த நாளா, கடைசித் தாள் எழுதிய நாளா, டி.சி. வாங்கிய நாளா என்று பார்த்தால், விடைபெறுதல் என்கிற அந்த ஒரு காரியம் ஜனவரியிலிருந்து மே வரையில் சிதறிக் கிடப்பது தெரியவரும்.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன்பு, பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு, அதன் பின்னரே பட்டப் படிப்புக்குப் போனார்கள். புகுமுக வகுப்பு எடுக்கப்பட்டு, அதன் பாரமெல்லாம் பள்ளியின்மேல் வந்து இறங்கியது; 1980-இல் முதல் அணி மாணவர்கள் பிளஸ் டூ பொதுத் தேர்வு எழுதினார்கள். இடையில் பல ஆண்டுகள் தொழிற்கல்விக்கென்று மாநிலமே தனியாக ஒரு நுழைவுத் தேர்வு நடத்தியதுண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கிய பிறகு, பொறியியல் கல்லூரியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பிளஸ் டூ மதிப்பெண்ணையே பொறுத்ததாயிற்று. கணிதத்தில் பெற்றதை 100-க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் கணக்கிட்டு 200-க்கு வருகிற 'கட்-ஆஃப்', அரை மார்க் வித்தியாசத்தில் ஒரு பிள்ளையை ஊர்விட்டு ஊர் தள்ளிவிடக் கூடியது. ஆக, பள்ளியின் கடைசிப் பரீட்சையே கல்லூரியின் வாசற்கதவாகவும் ஆகிவிட்டபடியால், பிரிவுக்கென்று ஒதுக்கவேண்டிய வாரங்கள் முழுவதையும் அந்தக் கதவே விழுங்கிவிடுகிறது. இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல; கால அட்டவணையைப் பார்த்தாலே விளங்கும்.

பொங்கல் கழிந்ததும் திருப்புதல் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. புதிய பாடம் என்று எதுவும் இராது. பல பள்ளிகளில் காலையில் மணியடிப்பதற்கு முன்பே ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் மணியடித்த பின்பு இன்னொன்று. இதற்கு நடுவில் ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்து, படம் வரைந்து, பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் கையெழுத்தும் வாங்கியாக வேண்டும்.

பிறகு செய்முறைத் தேர்வு. செய்முறை உள்ள ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். தொகையில் சிறிய பங்குதான். ஆனாலும் அந்த வாரங்களின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வேதியியல் செய்முறை முடிந்து வந்த அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து அதை வர்ணித்தாள். பியூரெட்டில் பெர்மாங்கனேட் கரைசல், கருநாவற்பழச் சாறு போல. கீழே வெள்ளை ஓட்டின்மேல் கூம்புக் குடுவை. இடது கையால் திருகைத் திறந்து, வலது கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். துளி விழுகிற இடத்தில் ரோஜா நிறம் தோன்றும், சுழற்றியதும் மறையும். தோன்றும், மறையும். ஏதோ ஒரு துளியில் அது மறையாமல் நின்றுவிடும். அந்தத் துளியோடு நிறுத்தாவிட்டால் கணக்குத் தவறிவிடும். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் மேஜைக்கு மேஜை நடந்துகொண்டிருக்க, இரண்டு வருஷங்களாகக் குடுவை பிடிக்கக் கற்றுக்கொடுத்த அவளுடைய டீச்சர், பரீட்சை விதியை உத்தேசித்து ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னலோரம் நின்றார்களாம். இவள் குடுவையில் நிறம் நின்றதும், தூரத்திலிருந்தபடியே கண்ணை மூடித் திறந்தார்களாம். "அவ்வளவுதான் அத்தை, அதுக்கப்புறம் அந்த லேபுக்குள்ள நான் போகவே இல்லை" என்றாள்.

தன் சொந்தப் பள்ளியில், தன் ஆசிரியர் முன்னிலையில், தன் கையால் ஒரு பிள்ளை செய்து முடிக்கிற கடைசிக் காரியம் பெரும்பாலும் இதுவே. ஏனென்றால், எழுத்துத் தேர்வு நடக்கிற இடம் வேறாக இருக்கக்கூடும். எல்லாப் பள்ளிகளும் தேர்வு மையங்கள் அல்ல. சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு மையம் அமைப்பது வழக்கம். கிராமத்துப் பள்ளி மாணவர்கள் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். புகைப்படமும் பதிவெண்ணும் தாங்கிய ஹால் டிக்கெட் கைக்கு வந்ததும், பிள்ளைகள் அதிலுள்ள மையத்தின் பெயரைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள செட்டிபுண்ணியத்திலும், கடலூருக்கு அருகிலுள்ள திருவஹீந்திரபுரத்திலும் ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாக அவர்கள் நிற்பது இந்த நாட்களில்தான்.

காலை 10 மணிக்கு வினாத்தாள், அதைப் படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம், முகப்பிலுள்ள விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம், 10.15-லிருந்து 1.15 வரை எழுதலாம். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் முகம் தெரியாத ஆசிரியர்கள். மொழித் தாளும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொதுவாகையால் முதல் இரண்டு தாள்களுக்கு வகுப்பு முழுவதும் ஒன்றாகக் கூடும். அதன் பிறகு பிரிவுவாரியாக அட்டவணை கிளைத்துவிடுவதால், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பேர், ஒருவர் கணிதமும் மற்றவர் வரலாறும் எடுத்தவர்களானால், பல நாட்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள்.

கடைசித் தாள் அன்று மணியடித்ததும் மைதானத்தில் இங்க் தெளித்துக்கொள்கிறார்கள். சட்டை முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். சீருடை பாழாகிறதே என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதும், சில இடங்களில் வாசலில் போலீஸ்காரரை நிறுத்துவதும் வருஷந்தோறும் நடக்கிறது. தெருவில் போகிறவர்மேல் தெறித்தால் தவறுதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், பன்னிரண்டு வருஷப் பழக்கத்துக்குச் சமூகம் ஒரு சடங்கைத் தராதபோது, பதினேழு வயதுப் பிள்ளைகள் கையில் இருந்த மையைக் கொண்டு தாங்களே ஒன்றைச் செய்துகொள்கிறார்கள் என்பதையும் நாம் பார்க்கவேண்டும். அந்த மைதானமும் அவர்களுடையதல்ல. ஒரு மணி நேரத்தில் அவரவர் ஊர் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். மருத்துவம் படிக்க விரும்புகிறவர்களோ மறுநாளே நீட் பயிற்சிக்கு ஓடவேண்டும்.

2021-இல் இதுவும் இல்லாமற்போயிற்று. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு தொற்று பெருகி, எழுத்துத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, ஜூன் 5-ஆம் தேதி ரத்தென்று அறிவிக்கப்பட்டது. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 என்கிற விகிதத்தில் மதிப்பெண் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்த அணியினருக்குக் குடுவையில் நிறம் நின்ற அந்தத் துளியே பள்ளியின் கடைசித் துளி. தேர்வில்லாமல் தேறினார்கள் என்று பலர் அவர்களைப் பாக்கியசாலிகளாகப் பேசியது எனக்கு அப்போதே மனவருத்தம் தந்தது.

கடைசித் தாளுக்கு மறுநாள், மதிப்பெண்ணும் கட்-ஆஃபும் பேசாத ஒரு முற்பகல், அவரவர் வகுப்பறையில், அவரவர் ஆசிரியர்களோடு உட்காருவதற்கு அட்டவணையில் இடம் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. பிப்ரவரியில் நடத்தப்படுகிற பிரியாவிடை விழா அதற்கு ஈடாகாது. பரீட்சை பயம் நெஞ்சில் இருக்கும்போது பிள்ளைகள் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு வேதியியல் சமன்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மே மாதம் முடிவு வந்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தை 2017-இல் கைவிட்ட பிறகு அந்த நாளின் ஆரவாரம் குறைந்திருக்கிறது, அது நல்லதே. சில நாட்கள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண் டி.சி. வாங்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். அலுவலக அறையில் எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்கினார். நடத்தை 'நன்று' என்று எழுதியிருந்தது. தாளை உறையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், "ஒரு நிமிஷம் அத்தை" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். வகுப்பறை பூட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். கரும்பலகையின் வலது மூலையில், யாரும் அழிக்காமல் விட்ட சாக்பீஸ் எழுத்தில், பிப்ரவரி மாதத்துத் தேதி ஒன்றும், அதன் கீழே 'வருகை 38' என்றும் இருந்தது.