உங்களுக்குத் தெரியுமா? பொன்னி கடல் கடந்து வந்தவள்!

தஞ்சை டெல்டாவின் சம்பா வயல்களில் விளையும் ‘பொன்னி’க்குக் காவிரியின் பெயர், பூர்வீகமோ அக்கரைச் சீமை! 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் முயற்சியில் ஆசிய நாடுகள் தங்கள் நெல் ரகங்களைக் இந்தியாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பின. ஜப்பானிய வகை நெல்லின் உரம் ஏற்கும் திறனை நம் வெப்பநாட்டு நெல்லுக்குக் கொடுப்பதே நோக்கம். தைவானின் தைச்சுங் 65-ஐயும் மலேயாவின் மாயாங் எபோஸ் 80-ஐயும் அங்கே கலந்தார்கள். அந்த வித்து மலேயாவில் தேறி, 1965-இல் ‘மசூரி’ ஆயிற்று. பிறகு இந்தியா திரும்பி, நம்மூரில் பொன்னி ஆனது. எவ்வளவு பொருத்தமான பெயர்! 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் இந்த வழியில் வந்ததே. குறுவைக்குப் பேர்போன ஆடுதுறை 27-ம் அதே கூட்டுமுயற்சியின் பிள்ளைதான்: தகப்பன், தாயில் ஒன்று ஜப்பானின் நோரின் 10, மற்றது கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24.